வெயிலா, அப்பன் நெஞ்சா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், நான் சொல்லப்போகிற கதையில் முதல் பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அப்போது நான் இந்த வேலைக்கே வரவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் நம் வேலாயுதம் அண்ணனிடம் சொல்லி, அண்ணன் என்னிடம் சொன்னது. இதோ நம் வண்டியை ஓட்டுகிறாரே, இவர்தான் அந்த அண்ணன். கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் இவருக்கு உண்டு. அதனால் பிறகு குழந்தை வார்டு நர்ஸ் ஜெபக்கனி சிஸ்டரிடமும் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதிலும் பொதுவாக இருப்பதை மட்டும்தான் உங்களிடம் சொல்வேன்.

பெட்டி பின்னால் பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் பாட்டில் உங்கள் கைப்பக்கம். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயில்வே கேட் போட்டிருந்தால் இன்னும் ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

நான்தான் நிரோஷா. உங்களோடு போனில் பேசியது. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். பிரிவு என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பீரோ. சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குச் சொல்லித்தர யாரும் இருந்ததில்லை. ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுக்க வருகிற இந்த வகுப்பு நல்ல திட்டம். நிபுணர்கள் தங்கள் லீவு நாளில், தங்கள் செலவில் இவ்வளவு தூரம் வந்து, எங்கள் நர்ஸ்களுக்கும் லேப் ஆட்களுக்கும் பார்மசிஸ்ட்களுக்கும் ஆராய்ச்சி செய்யக் கற்றுத்தருகிறார்கள். ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்கு இது சும்மா கிடைக்கிற விஷயமா? திட்டத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

கதைக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தை வார்டு இருக்கிறது. பிறந்த உடனே மூச்சுத் திணறுகிற, எடை குறைந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கிற வார்டு. மலைமேல் இருக்கிற சுகாதார நிலையத்தில் பிறந்து, அங்கே சமாளிக்க முடியாத குழந்தைகளும் இங்கேதான் வரும். வளைவு வளைவாக இறங்கி வர வேண்டும். பல நேரம் அம்மா கூட வர முடியாது. பிரசவமான பெண்ணை இரண்டு நாள் அங்கேயே படுக்கவைத்துக் கவனிக்க வேண்டும் என்று விதி. அதனால் குழந்தையைத் துண்டில் சுற்றி அப்பாவிடமோ அத்தையிடமோ கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். மார்கழியில் இறங்கி வந்து சேரும்போது குழந்தை சில்லிட்டுப் போயிருக்கும். சிஸ்டர் தொட்ட உடனே சொல்லிவிடுவாராம், இது மலைப் பிள்ளை என்று.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. காளியப்பன் என்று ஒருவர், சாமை போடுகிற விவசாயி, இறங்கி வார்டுக்கு வருகிறார். கையில் துண்டு இருக்கிறது. துண்டில் குழந்தை இல்லை. ஜெபக்கனி சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சத்தம் எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். "ஏ ஐயா, துண்டக் கொண்டாந்திருக்கீரு, பிள்ளைய எங்க போட்டீரு?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் சட்டைப் பொத்தானைக் கழற்றியிருக்கிறார். உள்ளே, நெஞ்சோடு ஒட்டி, குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது.

யார் இப்படி வைக்கச் சொன்னது என்று சிஸ்டர் கேட்டாராம். யாரும் சொல்லவில்லை, குளிர்ந்தது, உள்ளே வைத்தேன் என்றாராம். அவர் அழுதார் என்று வேலாயுதம் அண்ணன் சொல்வார். அழவெல்லாம் இல்லை, மூக்கு ஒழுகியது என்று சிஸ்டர் சொல்கிறார். அதை நான் விட்டுவிடுகிறேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது குழந்தையின் சூடு சரியாக இருந்தது. இரண்டு பேரும் இதை ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

அன்றைக்கே இந்த யோசனை சிஸ்டரைப் பிடித்துக்கொண்டது. மலைக்குப் போன் போட்டு, இனிமேல் வருகிற அப்பாக்கள் எல்லாரும் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வரட்டும் என்று அங்கே இருக்கிற நர்ஸ்களிடம் சொல்லியிருக்கிறார். தாயின் நெஞ்சில் வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான் மேடம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற வண்டியில், மலைப்பாதையில், அப்பாவின் நெஞ்சில் என்பதுதான் புதிது. தை, மாசி, பங்குனி வரை நடந்தது. வந்த குழந்தைகள் சில்லிடாமல் வந்தன.

வைகாசியில் மாவட்டக் கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து இதைச் சொல்லியிருக்கிறார். தலைமையில் இருந்த பெரிய டாக்டர் இரண்டு கேள்வி கேட்டாராம். கொண்டை ஊசி வளைவில் குழந்தை நழுவினால் யார் பொறுப்பு? இது ஒன்று. இதற்கு, துணியால் கட்டிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் பதில் சொல்லிவிட்டார். சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான். நீங்கள் துண்டில் வந்த குழந்தைகளைப் பார்த்தது கார்த்திகையிலும் மார்கழியிலும். நெஞ்சில் வந்த குழந்தைகளில் பாதி வந்தது பங்குனியில். பங்குனியில் எந்தக் குழந்தைதான் சில்லிடும்? ஆதாரம் கொண்டுவாருங்கள், எழுத்தில் உத்தரவு போடுகிறேன், அதுவரைக்கும் ஆம்புலன்ஸில் புதுப் பழக்கம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

சிஸ்டருக்குக் கோபம். ஆனால் பெரிய டாக்டர் சொன்னது தப்பு என்றும் சிஸ்டரால் சொல்ல முடியவில்லை. "அந்தாளு கேக்கது நியாயந்தான். அது வெயிலா, அப்பன் நெஞ்சா? எனக்கே தெரியலையே" என்று வார்டில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் இந்த வகுப்புகள் ஆரம்பித்தன. சிஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம். நிபுணர்கள் நம் ஊருக்கே வருகிறார்கள், கேட்டுவிடலாம் என்று. முதல் வகுப்புக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தாராம்.

இனிமேல் சொல்வது நான் கண்ணால் பார்த்தது மேடம். முதல் வகுப்பு முடிந்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகு நடந்த எல்லா வகுப்பிலும் மைக் பிடித்தது நான்தான்.

ஒரு பேராசிரியர் வந்தார். அமைதியானவர், பெரிய படிப்பு. ஆராய்ச்சி என்றால் என்ன என்று ஆரம்பித்தார். லண்டனில் காலரா வந்தபோது ஒரு டாக்டர் வரைபடம் போட்டுப் பார்த்து, நோயைப் பரப்பிய ஒரு தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். அடுத்த மாதம் ஒரு மேடம் வந்தார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று ஆரம்பித்தார். லண்டன், காலரா, குழாய். அதற்கு அடுத்த மாதம் வந்தவர் ரொம்ப நகைச்சுவையாகப் பேசினார். ஆனால் அவரும் லண்டனுக்குத்தான் போனார். நாலாவது முறை, அந்த டாக்டர் என்ன செய்தார் தெரியுமா என்று வந்தவர் கேட்டவுடனே, எங்கள் பார்மசிஸ்ட் குருபாதம் சார் பின்வரிசையில் இருந்து, கைப்பிடியைக் கழற்றினார் என்று சொல்லிவிட்டார். வந்தவர் அசந்துபோய், இந்த ஊரில் இவ்வளவு வாசிப்பா என்று பாராட்டினார்.

வேலாயுதம் அண்ணன் சிரிக்கிறார் பாருங்கள். பிரசவ வார்டு வாசலில் ஒரு குழாய்க்குக் கைப்பிடி கிடையாது. லண்டன்காரன் வந்து கழற்றிட்டுப் போயிட்டான் என்று இவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒவ்வொரு வகுப்பிலும் சிஸ்டர் கை தூக்குவார். மலை, குழந்தை, துண்டு, நெஞ்சு, பங்குனி எல்லாம் சொல்வார். ஒவ்வொருவரும் ஒரே பதில்தான். அருமையான கேள்வி, இது அடுத்த நிலையில் வரும், இன்றைக்கு அறிமுகம்தான். ஒருவர், கேள்வியை முதலில் நாலு பகுதியாகப் பிரித்து எழுதுங்கள் என்றார். சிஸ்டர் பிரித்து எழுதிக்கொண்டு வந்தார். அடுத்து வந்தவர் ஐந்து பகுதி என்றார். இன்னொருவர் ஈமெயில் அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார். நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். புத்தாண்டு வாழ்த்து மட்டும் திரும்பி வந்தது.

எனக்கு என்ன ஆத்திரம் தெரியுமா மேடம்? ஒருத்தராவது, எனக்கு முன்னால் வந்தவர் என்ன நடத்தினார் என்று கேட்க வேண்டாமா? அறிமுகம், அறிமுகம், அறிமுகம். அடுத்த நிலை என்று ஒன்று வரவே இல்லை. எப்படி வரும்? ஒவ்வொருவரும் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டே வருகிறார்கள்.

நானாக எப்படிச் சொல்வது? அவர்கள் பேராசிரியர்கள். மேடைக்கு ஏறப்போகிறவரிடம் போய், சார் இதை ஏற்கெனவே நடத்திவிட்டார்கள் என்று நான் சொன்னால் எப்படி இருக்கும்? இன்றைக்கு உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நீங்கள் ஸ்டேஷனில் என் பையையும் சேர்த்துத் தூக்கினீர்கள், அந்தத் தைரியம்.

எங்கள் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அழைப்புக் கடிதம் முதல் சாப்பாடு வரை. அது நான் வருவதற்கு முன்பே சூப்பரின்டெண்ட் கையெழுத்துப் போட்டு அனுமதித்த மாதிரிக் கடிதம். அதில் பெயரையும் தேதியையும் மாற்றுவேன், வேறு எதையும் தொட மாட்டேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு கடிதத்தில் ஒரு வரியைத் தானாக மாற்றிவிட்டு மெமோ வாங்கியவர். பெரியவங்க கையெழுத்துப் போட்டதுல கை வைக்காதே என்று அம்மாவும் சொல்லித்தான் அனுப்பினார். ஒப்பந்த வேலை மேடம். பங்குனிக்குப் பங்குனி புதுப்பிப்பார்கள்.

கேட் போட்டுவிட்டார்கள். பரவாயில்லை, கூட்ஸ்தான், சீக்கிரம் போய்விடும்.

போன மார்கழியில் குழந்தைகள் மறுபடியும் துண்டில்தான் வந்தன. சில்லிட்டுத்தான் வந்தன. சில பிழைக்கவில்லை. குளிரால்தான் இறந்தன என்று நான் சொல்ல மாட்டேன், எடையும் குறைவு, வேறு காரணமும் இருந்திருக்கும். சிஸ்டரும் அப்படிச் சொல்ல மாட்டார். அப்படியா இல்லையா என்று சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவருடைய கோபம். ஒரு குழந்தையின் அப்பா, நான் நெஞ்சில் வைக்கிறேன் என்றுதான் சொன்னேன், கூடாது என்றுவிட்டார்கள் என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வகுப்பு. சிஸ்டர் கை தூக்கவே இல்லை. பாதியில் எழுந்து போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, சிஸ்டர், கையெழுத்து போடவில்லையே என்றேன். வருகைப் பதிவு குறைந்தால் என்னைக் கேட்பார்கள் மேடம், அதனால்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏ பிள்ள, நீ நல்லவதான். ஆனா எனக்கு லண்டன் போதும்டி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. இப்போது ஐப்பசி. அடுத்த மார்கழி வந்துகொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் மாவட்டக் கூட்டம், அதே பெரிய டாக்டர்தான் தலைமை. ஆனால் சிஸ்டருக்குச் சொந்த ஊருக்கு மாறுதல் கிடைத்துவிட்டது. பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று மதியம் டூட்டி முடிந்ததும் ரிலீவ். சாமான் எல்லாம் நேற்றே லாரியில் போய்விட்டது. அவர் போய்விட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க இங்கே ஆள் இல்லை.

என்ன கேட்டீர்கள் மேடம்? கூட்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

அதே மார்கழி, தை மாதத்தில், நெஞ்சில் வைக்காமல் துண்டில் வந்த குழந்தைகளும் இருந்தார்களா என்றா? சிஸ்டர் சொன்ன பிறகுமா? இருந்தார்களே. நிறையப் பேர். வெட்கம் மேடம். ஆம்புலன்ஸில் கூட வருகிறது இளவயது நர்ஸ். அந்தப் பெண் முன்னால் சட்டையைத் திறக்க மாட்டேன் என்று பாதிப் பேர் மறுத்துவிட்டார்களாம். ஒருவர் ஸ்வெட்டர் பொத்தானைக்கூடக் கழற்றாமல் அதற்கு மேலேயே வைத்துக்கொண்டு வந்து, நெஞ்சில்தானே வைத்தேன் என்று சிஸ்டரோடு சண்டை போட்டிருக்கிறார். அவர்களை எல்லாம் திட்டித் தீர்த்தார் சிஸ்டர். வெட்கங்கெட்ட பயலுவன்னு திட்டுவேன், இப்ப வெட்கப்படுத பயலுவளத் திட்ட வேண்டியிருக்கு என்பார். அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சொன்னபடி செய்யாதவர்களை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஆமாம், அந்தக் குழந்தைகளுக்கும் சூடு பார்த்திருப்பார்கள். வருகிற எல்லாக் குழந்தைக்கும் பார்ப்பார்கள், எடையும் போடுவார்கள். கேஸ் ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும். எல்லாம் ரெக்கார்டு ரூமில் இருக்கும். அதே வாரம், அதே குளிர், வெயில் கிடையாது, ஆமாம். சிலர் துண்டில், சிலர் நெஞ்சில்.

ஏதோ எழுதிக்கொள்கிறீர்கள். வகுப்புக்கா? நான் பேசி உங்களைத் தொந்தரவு செய்கிறேனோ என்னவோ. இதோ கேட் திறந்துவிட்டார்கள்.

நான் எங்கே விட்டேன்? லண்டன். அந்தக் கதையை மட்டும் தவிர்க்க முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். குருபாதம் சார் இந்த முறையும் பின்வரிசையில் இருப்பார்.

இல்லை இல்லை, எதைப் பற்றி எடுக்கட்டும் என்று நீங்கள் என்னைக் கேட்கக் கூடாது. அது என் வேலை இல்லை. தலைப்பு ஏற்கெனவே அனுமதி வாங்கியது மேடம். ஆராய்ச்சி முறைகள்: ஓர் அறிமுகம். பேனரும் அடித்துவிட்டோம். உங்களுக்கு வந்த கடிதத்திலேயே இருந்திருக்குமே. அதை மாற்ற வேண்டும் என்றால் சூப்பரின்டெண்டுக்கு எழுதி, அவர் மேலே எழுதி, அது திரும்பி வருவதற்குள் சிஸ்டர் ஊர் போய், ரிட்டையரே ஆகிவிடுவார். உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் இதே தலைப்புதானா என்று கேட்கிறீர்களா? வேறு எந்தத் தலைப்பு, இதுதான்.

ஏன் சிரிக்கிறீர்கள் மேடம்? அண்ணே, நீங்களும் எதற்குச் சிரிக்கிறீர்கள்? சாலையைப் பார்த்து ஓட்டுங்கள்.

இதோ வந்துவிட்டது. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால் தெரிகிற மஞ்சள் கட்டடம்தான். வாசலில் நிற்பது சூப்பரின்டெண்ட், பக்கத்தில் பூங்கொத்தோடு நிற்பது நர்சிங் சூப்பரின்டெண்ட். பத்து மணிக்குக் குத்துவிளக்கு, பிறகு வரவேற்புரை, அதன் பிறகு நீங்கள். நடுவில் டீ. மதியச் சாப்பாடு வரைக்கும் வகுப்பு.

குழந்தை வார்டா? அது இடது பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி. சிஸ்டர் இப்போது அங்கேதான் இருப்பார். ஆனால் இப்போது போக முடியாதே மேடம். நிகழ்ச்சி நிரலில் இல்லை. மதியம் சாப்பிட்ட பிறகு பார்க்கலாம். இல்லை, அதற்குள் அவர் பஸ் ஏறியிருப்பார்தான், ஆனால் நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். விளக்கேற்ற நீங்கள் இல்லை என்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

மேடம், பூங்கொத்து இந்தப் பக்கம். மேடம். அது இடது பக்கம் போகிற வழி.

அண்ணே, போகிறாரே அண்ணே. நான் அவரிடம் அப்படி என்ன தப்பாகச் சொன்னேன்? சூப்பரின்டெண்ட் வேறு இங்கேயே பார்க்கிறார். கடிதத்தில் ஏதாவது குளறுபடியா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. நேற்று சாயங்காலம் இதுவரை வந்த எல்லாருக்கும் அனுப்பிய கடிதங்களை எடுத்து, இந்த மேடத்தின் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். பெயரும் தேதியும் தவிர, ஓர் எழுத்துகூட மாறவில்லை.